கீழே திண்ணை, மேலே வளைவு

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிழக்கே கடற்கரைக்கு ஓடிவிடுகிறார்கள். மஞ்சள் பூசிய மதில்கள், மதில் மேல் வழியும் காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுப் பெயர் எழுதிய நீலப் பலகை இவற்றைப் பார்த்துவிட்டு, "பிரான்ஸுக்கே போய் வந்த மாதிரி இருந்தது" என்று ஊரில் வந்து சொல்கிறார்கள். சொல்லட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வேறொரு புதுச்சேரி இருக்கிறது. பிரான்ஸிலும் கிடையாது, தஞ்சாவூரிலும் கிடையாது என்று சொல்லத்தக்க வீடுகள் அங்கே இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் அவற்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கதை எழுதுகிறவனுக்கு வீடு மிகவும் முக்கியம். கதாநாயகி எங்கே நின்று அழுவாள், கடன்காரன் எங்கே உட்கார்ந்து காத்திருப்பான், ரகசியக் கடிதத்தை எந்த மாடத்தில் ஒளித்து வைப்பார்கள் என்பதெல்லாம் தெரியாமல் ஒரு அத்தியாயமும் நகராது. புதுச்சேரியில் நடக்கும் நாவல் ஒன்றுக்காக வீடு தேடித்தான் நான் வைசியாள் வீதி, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு, பெருமாள் கோயில் தெரு என்று சுற்ற ஆரம்பித்தேன். நாவல் முடிந்து புத்தகமாகவும் வந்துவிட்டது. தெருக்களை விட மனமில்லாமல் இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது தாழ்வாரம். தஞ்சாவூர்க்காரருக்குத் தாழ்வாரம் என்றால் வீட்டுக்குள்ளே முற்றத்தைச் சுற்றி இருப்பது. புதுச்சேரியில் அது வீட்டை விட்டு வெளியே வந்து தெருவில் நிற்கிறது! மரத் தூண்களை நட்டு, அவற்றின் மேல் கைமரம் சாய்த்து, நாட்டு ஓடு வேய்ந்திருப்பார்கள். அதன் கீழே வழிப்போக்கன் நடக்கலாம்; மழைக்கு ஒதுங்கலாம்; தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதற்கு உள்ளே ஒரு படி உயரத்தில் திண்ணை. திண்ணையில் உட்காரக் கொஞ்சம் உறவோ, காரியமோ, குறைந்தபட்சம் தைரியமோ வேண்டும். அதற்கும் உள்ளே செதுக்கு வேலை செய்த நிலைக்கதவு. கதவைத் தாண்டினால் நடை, நடையைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைத் தாண்டினால் சமையல்கட்டு. ஊரான் எதுவரை, உறவினன் எதுவரை, வீட்டுக்காரி மட்டும் எதுவரை என்பதை ஒரு வார்த்தை பேசாமல் செங்கல்லையும் மரத்தையும் வைத்தே சொல்லிவிட்டார்கள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே இதெல்லாம் கிடையாது. அங்கே வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. உயரமான மதில், பெரிய மரக்கதவு, உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்தாற்போல் வளைவு வைத்த வராந்தா. வெயிலில் நடந்து போகிறவனுக்கு அந்த மதில் அரை அடி நிழலைக்கூடத் தானமாகக் கொடுப்பதில்லை. அழகில்லை என்று சொல்லவில்லை. அழகு முழுவதையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள் என்கிறேன்.

இரண்டு பகுதிக்கும் பொதுவானது தெருக்களின் நேர்த்தி. கோடு கிழித்தாற்போல் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிப் போவதைப் பார்த்து, "பிரெஞ்சுக்காரன் மூளையே மூளை" என்று வியக்கிறவர்கள் உண்டு. பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் கிடங்கை ஊன்றியது 1674-இல். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் அவர்கள் போட்ட நகரப் படங்களில்தான் இந்த நேர்க்கோட்டுத் தெருக்கள் முதலில் வருகின்றன என்பதை ழான் தெலோஷ் என்ற பிரெஞ்சு அறிஞரே அந்த டச்சுப் படங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1699-இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், புத்திசாலிகள், அதை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்.

இனி செங்கல்லுக்கு வருவோம். புதுச்சேரி கருங்கல் ஊர் அல்ல. இங்கே ஒரு கருங்கல் தூணைக் கண்டால் அது வெளியூர்ச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள்கூடச் செஞ்சியிலிருந்து வந்தவைதாம். மண்ணும் கடலும்தான் இந்த ஊரின் சொத்து. மண்ணிலிருந்து செங்கல், கடலின் கிளிஞ்சலிலிருந்து சுண்ணாம்பு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இதுதான் வழக்கம். ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமானிய வாணிபம் நடந்த காலத்துச் செங்கல் கட்டடங்கள் வெளிப்பட்டன. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: பல சுவர்கள் இருந்த இடத்தில் பள்ளம் மட்டுமே இருந்தது. பின்னால் வந்தவர்கள் செங்கல்லைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் செங்கல் கொள்ளைக்கு ஒரு சாட்சியும் உண்டு. பிரெஞ்சு வானசாஸ்திரி லெ ஜாந்தீ. 1769-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்து செல்வதைப் பார்க்கவென்று அரைப் பூகோளம் தாண்டி வந்து, புதுச்சேரியில் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டதால் ஒன்றும் பார்க்காமல் திரும்பிய மகானுபாவர். அவருடைய துரதிர்ஷ்டம் நமக்கு அதிர்ஷ்டம். ஆகாயம் ஏமாற்றிய அந்த மனிதர் பூமியைக் கவனித்து, வீராம்பட்டினத்துப் பக்கத்து ஜனங்கள் மண்ணிலிருந்து பெரிய பழைய செங்கல்களை எடுப்பதைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். ரோமானியனுக்கு மஸ்லின் விற்ற கிடங்கின் செங்கல் எந்த வீட்டு அடுப்படிச் சுவரில் போய்ச் சேர்ந்ததோ! இதை வைத்து ஒரு கதை எழுதலாம். யாராவது எழுதுவதற்குள் நானே எழுதிவிட உத்தேசம்.

செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து இவர்கள் செய்த பெரிய சாமர்த்தியம் சுவரில் இல்லை, கூரையில் இருக்கிறது. மெட்ராஸ் ஒட்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வைசியாள் வீதிப் பக்கம் பழுது பார்க்கும் வேலை நடந்த ஒரு வீட்டில் வயதான மேஸ்திரி ஒருவர் அதை எனக்கு விளக்கினார். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பிக்கொள்கிறார்கள். மேலே வைப்பதற்கென்று தனியாகச் சின்னச் செங்கல் உண்டு. 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலப் பருமன். பிஸ்கோத்து மாதிரி இருக்கும். அதைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, மூலையிலிருந்து ஆரம்பித்துக் குறுக்குச் சாய்வாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே போகிறார்கள்.

"கீழே பலகை முட்டுக் கொடுக்க வேண்டாமா, மேஸ்திரி?" என்றேன்.

"எதுக்குங்க? ஒரு கல்லு இன்னொரு கல்லைப் பிடிச்சுக்கும். சாய்ச்சு வைக்கிறது அதுக்குத்தானே?" என்றார்.

அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்களாம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. எப்போது நிறுத்துவது என்று கேட்டேன். "அடிச்ச கட்டை துள்ளணும். தளம் கட்டையைத் திருப்பி அடிச்சா பதம் வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார் அவர். பிறகு தட்டோடு பதித்து முடித்தால் மொட்டை மாடி தயார். கிழக்கே கவர்னர் மாளிகையானாலும் சரி, மேற்கே செட்டியார் வீடானாலும் சரி, கூரை இதே கூரைதான். பிரெஞ்சு வீடு என்று நாம் கொண்டாடுகிறோமே, அதன் தலையில் இருப்பது தமிழ்க் கொத்தனாரின் கைவேலை!

இந்த இரண்டு வகையும் ஒரே வீட்டில் சேர்ந்த கதை ரங்கப் பிள்ளை வீதியில் இருக்கிறது. பெரிய மார்க்கெட் பக்கம் கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. 1738 வாக்கில் கட்டியது. கீழ்க்கட்டு முழுவதும் தமிழ் வீடு: முற்றம், அதைச் சுற்றிச் செதுக்கு வேலை செய்த மரத் தூண்கள். மாடிக்குப் போனால் மரம் மறைந்து, வெள்ளைச் சாந்து பூசிய பெரிய ஐரோப்பியத் தூண்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

பிள்ளையை 'துய்ப்ளேக்ஸின் துபாஷி' என்று எல்லோரும் அறிவார்கள். அதனால் துரைமார் சிநேகத்தில் மயங்கித் துரை பாணியில் மாடி கட்டினார் என்று சொல்லிவிடுவது சுலபம். வருஷங்களைப் பாருங்கள். துய்ப்ளேக்ஸ் கவர்னராக வந்தது 1742-இல். பிள்ளை தலைமைத் துபாஷியானது 1747-இல். வீடு எழும்பியபோது அவருக்கு வயது முப்பதுக்கு உள்ளே. 'ஆனந்தப்புரவி' என்று பெயர் வைத்துக் கப்பல் விட்டவர். அப்போதே பெரிய வியாபாரி. 1736-இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்புக்கு இரண்டு வயது. கவர்னரைப் பிரியப்படுத்த வேண்டிய அவசியம் வருவதற்கு முன்பே அந்த மாடி வந்துவிட்டது.

பின் ஏன் கட்டினார்? இதில் நான் கதாசிரியனுக்குரிய உரிமையை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மாமன் முறையான நைனியப்ப பிள்ளை இதே ஊரில் தலைமைத் துபாஷியாக இருந்தவர். 1716-இல் அவர் மேல் குற்றம் சாட்டி, கடைவீதியில் சவுக்கால் அடித்து, சொத்துக்களைப் பறிமுதல் செய்து சிறையில் போட்டார்கள். 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். பிறகுதான் பாரீஸிலிருந்து, அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. செத்தவருக்குத் தீர்ப்பினால் என்ன பிரயோஜனம்? அந்த வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர் ஆனந்தரங்கர். துரையின் தயவு ஒரே நாளில் கவிழும் என்பதை ஏழெட்டு வயதிலேயே கண்டவர். மாடியில் துரைமார் வந்து உட்காரட்டும், உபசாரம் நடக்கட்டும். முற்றமும், பூஜையும், பந்திகளும் கீழே நம் மரத் தூண்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும். இப்படித்தான் அந்த மாடிப்படி எனக்கு அர்த்தமாகிறது. படியேறினால் உத்தியோகம், இறங்கினால் குடும்பம்.

அந்தப் பிளவு சாமானிய விஷயம் அல்ல. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், பாதிரிமார்களின் வெகுநாள் விருப்பப்படி வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். கவர்னருக்கு அடுத்தபடி ஊரில் செல்வாக்கு வாய்ந்த தமிழர் என்று சொல்லத்தக்க பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. இரவு வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதத்தான் முடிந்தது. எழுதியதும் தமிழில்தான்.

அந்தக் குறிப்பு ஏடுகளை 1846-இல் கலுவா மொம்ப்ரூன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்து உலகம் முழுவதும் சரித்திராசிரியர்கள் படித்தார்கள். வீட்டை அவ்வளவு பேர் படிக்கவில்லை என்பது என் குறை.

1758-இல் கடலூர்ப் பக்கத்திலிருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தார். அதற்கு வட்டியும் முதலுமாக 1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர் கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் வெள்ளையர் பகுதியையும் வெடிவைத்துத் தரைமட்டமாக்கினார்கள். பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான். அவர் வீடு மட்டும் தப்பி நிற்கிறது. 1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. லா தெ லோரிஸ்தோன் என்ற கவர்னர் இடிபாடுகளின் மேலேயே, பழைய தெருக்கோட்டிலேயே மறுபடி கட்டினார். ஆகவே கடற்கரைப் பக்கம் 'பழைய பிரெஞ்சு நகரம்' என்று நாம் பார்க்கும் வீடுகள் பிள்ளையின் வீட்டுக்குத் தம்பி முறை, பலவும் பேரன் முறை.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் செங்கல் நகரத்தைத் தூளாக்கிய ஆங்கிலேயன் தன் ஊரில் செங்கல்லை எப்படிப் போற்றுகிறான் தெரியுமோ? கிராமத்து மூலையில் முந்நூறு வருஷம் போன ஒரு சின்னச் செங்கல் வீடு இருந்தால்கூட, 1947-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு அது சர்க்கார் பட்டியலில் ஏறிவிடலாம். ஏறிவிட்டால், ஒரு ஜன்னலை மாற்றுவதற்கும் சொந்தக்காரர் அனுமதி கேட்க வேண்டும். அதுவும் உள்ளூர் மண்ணைச் சுட்டுச் சுண்ணாம்பில் கட்டிய வீடுதான். நம் மேஸ்திரியை அங்கே கொண்டுபோய் விட்டால், பாஷை தெரியாமலே அந்த ஊர்க் கொத்தனாரோடு பேசிவிடுவார்.

பிள்ளை தொடங்கி வைத்த வழி பின்னால் ஊர் வழக்கமாகிவிட்டது. கீழே தாழ்வாரம், திண்ணை, நிலைக்கதவு. மேலே வளைவு ஜன்னல், சாந்தில் பூவேலை, மரக்கம்பி வைத்த பால்கனி. வியாபாரிகள் கட்டினார்கள், பிறகு சைகோன் பணம் வந்தது. பிரெஞ்சு இந்தோசீனாவில் உத்தியோகம் பார்த்தவர்களும் பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் ஊருக்கு அனுப்பிய பணத்தில் எத்தனையோ மாடிகள் முளைத்தன. பென்ஷனோடு திரும்பிய பட்டாளத்துக்காரர்களைப் புதுச்சேரியில் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்வார்கள். சொல்தா வீட்டு மாடி என்றால் தெருவிலிருந்தே தெரியும்.

இந்த மாடிகள் சரித்திரத்துக்கும் பயன்பட்டிருக்கின்றன. 1910 ஏப்ரலில் கப்பலில் வந்து இறங்கிய அரவிந்தர், அன்று கோமுட்டித் தெரு என்று வழங்கிய வீதியில் கலவை சங்கரச் செட்டியார் வீட்டு மாடியில்தான் சில மாதம் ஒதுங்கியிருந்தார். அவருக்கு முன்பே, 1908-லேயே வந்துவிட்ட பாரதியார் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்தார். எதிர்த் திண்ணையில் பிரிட்டிஷ் உளவாளி உட்கார்ந்திருப்பான் என்று பழைய மனிதர்கள் சொல்வார்கள். திண்ணை யாருக்கும் பேதம் பாராட்டுவதில்லை!

இப்போது அந்தத் திண்ணைகள் போய்க்கொண்டிருக்கின்றன. எப்படிப் போகின்றன என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். தெருப் பெயர் வேண்டாம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் தனியாக இருக்கிறார். அப்பா சொல்தா. மாடி அவர் கட்டியது. கீழ்க்கட்டு அதற்கும் இரண்டு தலைமுறை முந்தியது. பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. அம்மாளுக்குப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டத் தெரியும். வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது.

"தம்பி, இந்த வீட்டுக்கு ஒன்பது பாகம். ஆறு பாகம் பிரான்ஸிலே இருக்கு. எல்லாரும் நொத்தேர்கிட்ட கையெழுத்துப் போட்டாத்தான் விக்கவும் முடியும், ஓட்டை மாத்தவும் முடியும்" என்றார்.

"நீங்கள் விற்கச் சம்மதித்துவிட்டீர்களா, அம்மா?"

"நான் சம்மதிக்காட்டி மட்டும்? பக்கத்து வீட்டைப் பாருங்க."

பார்த்தேன். இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு இடைவெளி கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பக்கத்து வீட்டை இடித்து ஐந்து மாடி கான்கிரீட் எழுப்பியிருந்தார்கள். இத்தனை காலம் இரண்டு பக்கத்துக் கட்டைகளையும் தாங்கி நின்ற சுவர் ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டது. கூடத்தில் மேலிருந்து கீழ்வரை கை நுழையும் அளவுக்கு விரிசல். விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது, உள்ளேயே வைத்திருந்து செங்கல்லைப் பொடியாக்கும். அம்மாள் தினம் காலையில் அந்தச் சுவரோரத்தில் உதிர்ந்த செங்கல் தூளை முறத்தில் வாரிக் கொட்டுகிறார்.

சர்க்கார் கட்டடத்துக்கே இந்தக் கதிதான். கடற்கரையில் 1870-களிலிருந்து கம்பீரமாக நின்ற மேரி கட்டடம், நகராட்சி மன்றம், 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. பிறகு பழைய உருவத்திலேயே எழுப்பி 2021-இல் திறந்தார்கள். மேரிக்கு உலக வங்கிக் கடன் கிடைத்தது. அம்மாள் எந்த வங்கிக்குப் போவார்?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 1984 முதல் புதுச்சேரியில் வேலை செய்யும் இன்டாக் அமைப்பினர் வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு வரிசையாகத் தாழ்வாரங்களை மீட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஒரு வீடு மட்டுமின்றித் தெருவே பழைய முகத்தோடு நிற்பதை அங்கே பார்க்கலாம். வேறு சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்திருக்கின்றன. தூணுக்கு எண்ணெய் பூசி, முற்றத்தில் தாமரைத் தொட்டி வைத்து, அறைக்கு நாள் வாடகை வாங்குகிறார்கள். இடிவதற்கு ஹோட்டலாவது மேல் என்பதே என் கட்சி. ஆனால் அப்படி ஒரு ஹோட்டல் திண்ணையில் நான் சற்று உட்கார்ந்தபோது, "சார், ரூம் எடுத்திருக்கீங்களா?" என்று காவலாளி கேட்டான். நூற்றைம்பது வருஷமாக அந்தத் திண்ணையில் யாரும் கேட்காத கேள்வி!

பிரான்ஸில் பழைய நகரப் பகுதிகளை மொத்தமாகக் காக்கும் மல்ரோ சட்டம் நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 4-ஆம் தேதி. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவைச் சேர்ந்தது அதே ஆகஸ்ட் 16-இல். பன்னிரண்டு நாள் வித்தியாசம். அந்தச் சட்டம் இங்கே வந்திருக்கப் போவதில்லை. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நம் வீட்டுக்கு நம் சட்டம் போதும். ஒரு பொதுச் சுவரை இடிக்கிறவன் மற்றப் பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும் என்று ஒரே ஒரு விதியை ஒழுங்காக நடத்திக் காட்டினால் தமிழ்ப் பகுதியில் பாதி வீடு பிழைக்கும் என்கிறார் மேஸ்திரி.

அவரை அம்மாள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். சுவரைத் தட்டிப் பார்த்தார். சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் பூச வேண்டும், நாலு கட்டை மாற்ற வேண்டும், மாடித் தளம் அப்படியே இருக்கலாம் என்றார். அம்மாள் ஒன்பது பாகஸ்தர்களின் விலாசத்தையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அதில் நாலு பேருக்குக் கடிதம் போயிருக்கிறது. இருவர் பதில் எழுதியிருக்கிறார்கள்.